அந்த அரையடி எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் என்.பி.ஏ. அதன் அணிகள் புது ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி எடுப்பதுதான் டிராஃப்ட். அது நடக்கும் நாளில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுவேன். அங்கே மாலை ஏழு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் காபி, ஒரு கோடு போட்ட நோட்டு. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அந்த நோட்டில் ஒரே வேலைதான் செய்துவருகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து அந்த ஆண்டு வரும் கார்டுகளை, அதாவது வெளியே நின்று பந்தைத் தட்டி ஆடும், பெரும்பாலும் உயரம் குறைந்த ஆட்டக்காரர்களைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதி வைப்பது. வளையத்துக்கு அடியில் ஆடும் ஏழடி சென்டர்களைப் பற்றி எழுதுவதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் பாயின்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்தும் கார்டு ஆடியவன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

எழுதிய பக்கத்தை மூன்று வருஷம் கழித்துத்தான் திருப்பிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் இரண்டு பக்கங்கள் என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன. 2011-ஆம் வருஷப் பக்கத்தில், "ஜிம்மர் ஃப்ரெடெட். எந்த அணிக்குப் போனாலும் இவன் கூடையில் போடுவான்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். 2018-இல், "ஜேலன் ப்ரன்சன். உயரம் பத்தாது, துள்ளல் பத்தாது. மாற்று ஆளாகப் பத்து வருஷம் ஓட்டலாம்." இரண்டுமே தப்பு. ஒன்று மேலே தப்பியது, மற்றொன்று கீழே தப்பியது. ஏன் தப்பியது என்று யோசித்து யோசித்துத்தான் இப்போது நான் பார்க்கும் முறைக்கு வந்து சேர்ந்தேன்.

ஜிம்மரிலிருந்து தொடங்குகிறேன். யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2010-11 சீசனில் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி. அந்த வருஷம் நாட்டிலேயே அதிகம் அவர்தான். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஜனவரி கடைசியில் சான் டியேகோ ஸ்டேட் அணிக்கு எதிராக 43 புள்ளி போட்டார். அன்று எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் கவாய் லெனார்ட். நடுக்கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் தூக்கிப் போடுவார், உள்ளே போகும். அரங்கமே எழுந்து நிற்கும். அந்த வீடியோக்களை இங்கே உட்கார்ந்து பார்த்த எனக்கும் புல்லரித்தது.

அந்த ஜூனில் ஜிம்மர் 10-ஆவது பெயராக எடுக்கப்பட்டு சாக்ரமென்டோவுக்குப் போனார். 11-ஆவது க்ளே தாம்ப்சன். 15-ஆவது அந்த லெனார்ட். அன்றைய இரவின் கடைசிப் பெயர், 60-ஆவது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐசையா தாமஸ். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அவரை எடுத்ததும் சாக்ரமென்டோதான். ஒரே அணிக்கு, ஒரே வருஷம், இரண்டு சின்ன கார்டுகள் வந்து சேர்ந்தார்கள். சில மாதத்திலேயே தொடக்க ஐவரில் இடம் பிடித்தது 60-ஆவது ஆள்.

ஒரு எண்ணைச் சொல்கிறேன். ஜிம்மர் கல்லூரியின் கடைசி வருஷம் அடித்த சராசரி 28.9. ஐசையா தாமஸ் 2016-17-இல் பாஸ்டனுக்கு ஆடியபோது என்.பி.ஏ.வில் அடித்த சராசரியும் 28.9. ஒரே எண்தான். ஆனால் ஒன்று கல்லூரியில் வந்தது, மற்றது உலகத்தின் ஆகச் சிறந்த தடுப்பாளர்களுக்கு எதிரே வந்தது. ஜிம்மரின் என்.பி.ஏ. சராசரி ஆறு புள்ளியைச் சுற்றியே நின்றுபோனது.

"ஷாட் போய்விட்டது" என்று பலர் சொல்வார்கள். போகவில்லை. என்.பி.ஏ.விலும், தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று போடும் மூன்று புள்ளி ஷாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 37 போட்டிருக்கிறார். அது நல்ல கணக்குத்தான். 2017-இல் சீனாவில் ஷாங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி அடித்தார். கை அதே கைதான். வேறு ஏதோ ஒன்று வழியில் தொலைந்திருக்கிறது.

அது என்ன என்று கண்டுபிடிக்க, எங்கள் பள்ளிக்கூட கோச் சொன்ன ஒரு விஷயத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சிமென்ட் தரை, வலை இல்லாத வளையம், சாயங்காலம் ஐந்தரை மணி. தடுப்பு ஆடும்போது நான் எப்போதும் ஏமாறுவேன். எதிரில் ஆடுபவன் பந்தை இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் போய்விடுவான். கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "டேய் தம்பி, பந்தப் பாக்காத. அவன் இடுப்பப் பாரு. கண்ணு பொய் சொல்லும், தோளு பொய் சொல்லும். இடுப்பு எங்க போகுதோ அங்கதான்டா ஆளு போவான்."

"அப்ப பந்த யாரு சார் பாக்குறது?"

"பந்து அவன் கூடத்தான வரும். அவன் உன்னத் தாண்டுன அந்த அரையடி எப்படிக் கெடச்சுச்சு, அதப் பாரு."

தடுப்பு ஆடுவதற்காகச் சொன்னது. ஆளைக் கணிப்பதற்கும் அதுவே போதும் என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. கூடைப்பந்தில் கார்டின் வேலை முழுவதும் அந்த அரையடியைச் சம்பாதிப்பதுதான். பாஸ் கொடுக்க அரையடி, ஷாட் போட அரையடி, உள்ளே நுழைய அரையடி. கல்லூரி ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கும்போது பந்து உள்ளே போனதா என்று பார்க்கக் கூடாது. அந்த இடைவெளி எதனால் வந்தது, அந்தக் காரணம் மேலே, என்.பி.ஏ.வுக்குப் போன பிறகும் இருக்குமா என்று பார்க்க வேண்டும்.

ஜிம்மரின் இடைவெளி பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வந்தது. பந்து எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். எதிரில் நிற்கும் தடுப்பாளர் அவரைவிட மெதுவானவர், அல்லது நாலு வயது சின்னவர். மூன்றாவது, அவர் ஷாட் போடும் தூரம். அவ்வளவு தள்ளி நின்று போடுவார் என்று கல்லூரித் தடுப்பாளர்கள் அன்று எதிர்பார்க்கவே மாட்டார்கள். என்.பி.ஏ.வில் முதல் இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன. பந்தைக் கையில் கொடுத்து நாற்பது நிமிஷம் உன் இஷ்டம் என்று எந்த அணியும் புதுப் பையனிடம் சொல்லாது. எதிரில் நிற்பவனுக்கு ஆறடி ஐந்து அங்குலம், கை நீளம் ஏழடியை ஒட்டி. மூன்றாவதை இரண்டே வாரத்தில் எல்லா அணியும் படித்துவிட்டன. அவர் தடுப்பு ஆட வேண்டிய நேரத்தில் எதிரணி அவரையே தேடிவந்தது. அவர் பார்த்துக்கொள்ளும் ஆளை அழைத்து ஸ்க்ரீன் (தடுப்பாளரின் வழியில் குறுக்கே நின்று மறிப்பது) போடச் சொல்லி, தங்கள் பெரிய ஆட்டக்காரரை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சின்ன கார்டுகளை என்.பி.ஏ. இப்படித்தான் கேள்வி கேட்கும். ஐசையா தாமஸுக்கும் அதே கேள்விதான் கேட்கப்பட்டது. அவர் தடுப்பில் இழந்ததைவிட அதிகமாகத் தாக்குதலில் திருப்பிக் கொடுத்தார். தரையோடு தரையாகத் தாழ்ந்து ஓடி, பெரிய உடம்போடு தானே போய் மோதி, மோதிய நொடியில் அரையடி எடுப்பார். கல்லூரியிலும் அதைத்தான் செய்தார். எதிராளி பெரியவனாக இருந்தால் மோதல் இன்னும் பெரிது, அவ்வளவுதான். காரணம் மேலே போன பிறகும் அப்படியே இருந்தது.

கூடைப்பந்தை அதிகம் பார்க்காதவர்களுக்காக இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆட்டம் 40 நிமிஷம், என்.பி.ஏ. 48. கல்லூரியில் 30 நொடிக்குள் ஷாட் போட வேண்டும் (2015 வரை 35 நொடி), என்.பி.ஏ.வில் 24. என்.பி.ஏ.வின் மூன்று புள்ளிக் கோடு நடுவில் 23 அடி 9 அங்குலம். கல்லூரி ஆண்கள் கோடு 2019 வரை 20 அடி 9 அங்குலமாக இருந்து, பிறகு 22 அடியைத் தாண்டியது. இதெல்லாம் எல்லோரும் பேசும் கணக்கு. யாரும் அவ்வளவாகப் பேசாதது வளையத்துக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டி. கல்லூரியில் அதன் அகலம் 12 அடி, என்.பி.ஏ.வில் 16. அதோடு, என்.பி.ஏ.வில் ஒரு தடுப்பாளர் யாரையும் காக்காமல் அந்தப் பெட்டிக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. 2001-02-இலிருந்து அப்படி ஒரு விதி. கல்லூரியில் அந்த விதி கிடையாது. பெரிய உடம்பு ஒன்று வளையத்துக்கு அடியில் கல்தூண் மாதிரி நின்றுகொண்டே இருக்கலாம். பக்கத்தில் ஷாட் போடத் தெரியாத இரண்டு பேர் வேறு நெருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஆகவே தடுப்பாளர்கள் மட்டும்தான் கடினமாகிறார்கள், ஆடுகளம் திறந்துவிடுகிறது. கல்லூரியில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஒரு கார்டு மேலே போனதும் விரிந்துகொள்ள முடியும் என்பதற்கு இது முக்கியமான காரணம். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கார்டுகளைப் பாருங்கள். டெவின் புக்கர் 2014-15-இல் 38 ஆட்டம் ஆடினார். ஒன்றில்கூடத் தொடக்க ஐவரில் இல்லை. சராசரி பத்துப் புள்ளி. 13-ஆவதாகப் போனார். இரண்டு வருஷத்தில், இருபது வயதில், பாஸ்டன் மண்ணில் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி போட்டார். ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் கென்டக்கிக்கு வந்தபோது மாற்று ஆள். டிராஃப்டில் 11-ஆவது. 2025-இல் அவர்தான் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், அந்த வருஷமே ஓக்லஹோமா சிட்டிக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். டைரீஸ் மேக்ஸி 21-ஆவது.

ஐந்து பேருமே தங்கள் ஊரில் நாயகனாக இருந்த ஓர் அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலைதான் கிடைக்கும். புக்கருக்குக் கிடைத்த துண்டு: ஓரத்தில் நின்று ஷாட் போடு. பந்து தட்டிக்கொண்டு ஆட்டம் நடத்தவும் அவருக்குத் தெரியும், ஆனால் அதைக் காட்ட மேடை இல்லை. கல்லூரி எண்கள் ஆளை அளப்பதைவிட, அந்த ஆளுக்குக் கொடுக்கப்பட்ட வேலையைத்தான் அதிகம் அளக்கின்றன. ஜிம்மரின் 28.9-உம் அப்படித்தான், புக்கரின் பத்தும் அப்படித்தான். இதை உணர்ந்த பிறகு சராசரிப் புள்ளியை நோட்டில் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

மேக்ஸியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவருடைய ஒரே கல்லூரி வருஷத்தில் மூன்று புள்ளி ஷாட் 29.2 சதவீதம். "ஷாட் இல்லை" என்று எல்லோரும் முத்திரை குத்தினார்கள். ஆனால் அது எத்தனை ஷாட்? 113. அதில் 33 விழுந்தது. இன்னும் ஏழு விழுந்திருந்தால் 35 சதவீதம், யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஏழு ஷாட் என்பது ஒரு நல்ல வாரத்துக்கும் ஒரு மோசமான வாரத்துக்கும் உள்ள வித்தியாசம். அதே வருஷம் ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் ஷாட்டில், அவர் 83.3 சதவீதம். ஃப்ரீ த்ரோவில் எதிரே யாரும் இல்லை. பதினைந்து அடி, ஆட்டம் நின்றிருக்கும், கை மட்டும்தான் பேசும். ஒரு பையனுக்கு உண்மையில் கை எப்படி என்று தெரிய வேண்டுமானால் அங்கேதான் பார்க்க வேண்டும். மேக்ஸி தன்னுடைய இரண்டாவது என்.பி.ஏ. சீசனில் மூன்று புள்ளி ஷாட்டில் 42 சதவீதத்தைத் தாண்டினார்.

எதிர்ப்பக்கம் லான்ஸோ பால். கல்லூரியில் மூன்று புள்ளி 41.2 சதவீதம், ஃப்ரீ த்ரோ 67.3. எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்தார்கள். 2017-இல் இரண்டாவது பெயராகப் போனார். முதல் வருஷம் மூன்று புள்ளி 30 சதவீதத்தை ஒட்டியும், ஃப்ரீ த்ரோ 45-ஐ ஒட்டியும் விழுந்தன. பிறகு அவர் பந்தைத் தூக்கும் முறையையே கழற்றி மாட்டித் திருத்திக்கொண்டது அவருடைய உழைப்பு. அதே டிராஃப்டின் முதல் பெயர் மார்கெல் ஃபுல்ட்ஸ். அவருக்கும் 41-உம் 65-உம்தான். ஆனால் அவருக்குத் தோள்பட்டையில் நரம்புக் கோளாறு இருந்தது 2018-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பத்தொன்பது வயதுப் பையன், தன் கை தனக்கே கேட்காமல் போனதை இருபதாயிரம் பேர் முன்னால் அனுபவித்தான். அதை ஒரு சதவீதத்துக்குச் சாட்சியாக நான் இழுக்க மாட்டேன்.

இனி ப்ரன்சன். அவர் பக்கம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஜிம்மர் விஷயத்தில் எல்லோரும் ஏமாந்தார்கள். ப்ரன்சனை நான் கண்ணால் பார்த்தும் காணாமல் விட்டேன்.

வில்லனோவா பல்கலைக்கழகத்துக்கு மூன்று வருஷத்தில் இரண்டு தேசிய கோப்பை, 2016, 2018. 2018-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். அப்படி இருந்தும் டிராஃப்டில் அவருக்கு முன்னால் அவருடைய சொந்த அணியிலிருந்தே மூன்று பேர் போனார்கள். மிகல் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்சோ 17, ஒமாரி ஸ்பெல்மன் 30. ப்ரன்சன் 33, டாலஸ். அவ்வருஷ இறுதி ஆட்டத்தில் ஃபவுல் பிரச்சினையால் அவர் அதிகம் வெளியே உட்கார்ந்திருந்தார், ஒன்பது புள்ளிதான். மாற்று ஆளாக வந்த டிவின்சென்சோ 31 போட்டார். அந்த ஓர் இரவு பலருடைய கண்ணில் நின்றது. ப்ரன்சன் மூன்று வருஷமாகச் செய்தது யார் கண்ணிலும் நிற்கவில்லை, என் கண்ணிலும்.

அவர் செய்வதை ஒரு தடவை மெதுவாகப் பார்ப்போம். இடது கைக்காரர். பந்தைத் தட்டிக்கொண்டு ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கவாட்டில் வருகிறார். வேகம் என்று ஒன்றும் இல்லை. தடுப்பாளர் இடுப்போடு இடுப்பாக ஒட்டிக்கொண்டு வருகிறான், அவரைவிட அரையடி உயரம். ப்ரன்சன் தோளால் ஒரு சின்ன இடி. உடனே இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றி நின்றுவிடுகிறார். நின்றுவிடுகிறார், அவ்வளவுதான். ஓடி வந்தவனால் நிற்க முடியவில்லை, ஒரு எட்டு முன்னே போய்விடுகிறான். அந்த ஒரு எட்டுதான் அரையடி. தடுப்பாளர் சுதாரித்துத் திரும்பி வந்தால், ப்ரன்சன் பந்தைத் தலைக்கு மேல் காட்டுகிறார். அவன் துள்ளுகிறான். ப்ரன்சன் ஒரு காலைத் தரையில் அச்சாக வைத்து, மறு காலை அவனுக்கு அடியில் நீட்டி உள்ளே நுழைந்து, பந்தை மெதுவாக மேலே விடுகிறார்.

இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றினால் எந்தக் காலை வேண்டுமானாலும் அச்சாக எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஒரு கால் முதலில் பட்டுவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். வில்லனோவாவில் கார்டுகளுக்கு இதை விடாமல் பழக்கினார்கள். வளையத்துக்கு முதுகைக் காட்டிக் கார்டுகளே உள்ளே தள்ளி ஆடுவதையும் பழக்கினார்கள். மற்ற இடங்களில் அது பெரிய ஆட்களுக்கான வேலை. ப்ரன்சனின் அப்பா ரிக் ப்ரன்சனும் என்.பி.ஏ. கார்டு, வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்த அரையடி எங்கிருந்து வந்தது? எதிராளியைவிட வேகமாக ஓடியதால் வரவில்லை. எதிராளியைவிட நன்றாக நின்றதால் வந்தது. எதிராளி இன்னும் உயரமாக, இன்னும் வேகமாக, இன்னும் துள்ளுகிறவனாக வந்தால்? அவனால் நிற்பது இன்னும் கடினம். இன்னும் அதிகமாகத் தாண்டிப் போவான், இன்னும் உயரமாகத் துள்ளுவான். மேலே போகப் போக இந்த வித்தைக்கு வட்டிதான் கூடும். 2018-இல் நான் "துள்ளல் பத்தாது" என்று எழுதியபோது, அவர் துள்ளலைக் கேட்காத ஒரு ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்ததை என் கண் முன்னாலேயே முப்பது ஆட்டம் பார்த்திருந்தேன். இடுப்பைப் பார்க்கச் சொன்ன கோச்சின் மாணவன் நான், பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாலஸில் லூக்கா டான்சிச்சின் நிழலில் நாலு வருஷம். 2022 பிளேஆஃப்பில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) டான்சிச் காயத்தால் உட்கார, யூட்டாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் 41 புள்ளி. அந்தக் கோடையில் நியூயார்க் போனார். 2023-24-இல் சராசரி 28.7. இந்த முறை கல்லூரியில் அல்ல.

ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டரிடமும் இதே குடும்பத்துச் சரக்குதான் இருக்கிறது. அவர் வேகத்தைக் கூட்டி யாரையும் தாண்டுவதில்லை, குறைத்துத் தாண்டுகிறார். அவருடைய நடை பார்ப்பதற்குச் சோம்பல் மாதிரி இருக்கும். அவரைக் காப்பவர்கள் எல்லோரும் எப்போதும் ஒரு நொடி முன்னாலோ பின்னாலோ இருப்பார்கள்.

வேகம் ஒன்றும் உதவாது என்று நான் சொல்லவில்லை. டி'ஆரன் ஃபாக்ஸ் கல்லூரியில் மூன்று புள்ளி 24.6 சதவீதம்தான் போட்டார், ஆனால் அவருடைய வேகம் கல்லூரிக்கு மட்டுமான வேகமாக இருக்கவில்லை. என்.பி.ஏ.விலும் அதற்கு ஈடு சொல்ல ஆட்கள் குறைவு. ஜா மொரான்டும் அப்படி. வேகத்தால் அரையடி சம்பாதிக்கிறவனிடம் ஒரே கேள்விதான்: ஆகச் சிறந்த ஐந்து பேரில் ஒருவனா நீ? ஐம்பதில் ஒருவன் என்றால் மேலே அது எல்லோரிடமும் இருக்கும். இந்தக் கோட்டில்தான் ஒவ்வொரு வருஷமும் பல பையன்கள் விழுந்துவிடுகிறார்கள்.

கல்லூரியின் முறை ஆளை மறைப்பதும் உண்டு. 2009 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிரக்யூஸுக்கும் கனெக்டிகட்டுக்கும் ஆறு கூடுதல் நேரம் வரை போன ஆட்டம். மொத்தம் 70 நிமிஷம். சிரக்யூஸின் ஜானி ஃப்ளின் அதில் 67 நிமிஷம் ஆடினார். 127-117. அந்த நெஞ்சுரத்தைப் பார்த்த யாருக்கும் அவரைப் பிடிக்காமல் போகாது. மூன்று மாதத்தில் மினசோட்டா 6-ஆவதாக எடுத்தது. ஆனால் அன்றைய சிரக்யூஸ் ஆடியது இடத்தைக் காக்கும் 2-3 முறைத் தடுப்பு. ஆளுக்கு ஆள் நின்று ஒரு கார்டை இரவு முழுக்க அடக்குவது எப்படி என்று அவர் அங்கே காட்ட வேண்டியிருக்கவில்லை. மினசோட்டாவோ பாயின்ட் கார்டின் கையிலிருந்து பந்தை எடுத்துப் பரப்பிவிடும் முக்கோண முறையை ஆடியது. போதாததற்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. மூன்று சீசனோடு முடிந்தது. அவரிடம் திறமை இல்லை என்று சொன்னால் அது பாவம். திறமையைப் பிடித்துக்கொள்ள ஒரு இடமும் ஓர் உடம்பும் வேண்டியிருக்கிறது.

அந்த 2009 டிராஃப்டில் மினசோட்டாவுக்கு அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு. 5-ஆவது ரிக்கி ரூபியோ, 6-ஆவது ஃப்ளின். 7-ஆவதாக கோல்டன் ஸ்டேட் எடுத்தது டேவிட்சன் கல்லூரியின் ஸ்டீஃபன் கரியை.

கரியைப் பற்றி எல்லோரும் சொல்வது 2008 மார்ச். வட கரோலைனாவின் ஒரு சின்னக் கல்லூரியை தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகள் வரை இழுத்துவந்தது, கன்சாஸிடம் 59-57 என்று இரண்டே புள்ளியில் தோற்றது, அந்த சீசனில் 162 மூன்று புள்ளி ஷாட் போட்டது. நானும் அந்த ஷாட்களைத்தான் முதலில் பார்த்தேன். அந்த வருஷம் அவர் பாயின்ட் கார்டு அல்ல. பந்தை ஜேசன் ரிச்சர்ட்ஸ் நடத்துவார், கரி பந்தில்லாமல் ஓடிக்கொண்டே இருப்பார். ஸ்க்ரீனுக்குப் பின்னால் போய், மறுபடி வந்து, நின்று, திரும்ப ஓடி. அடுத்த வருஷம் ரிச்சர்ட்ஸ் போனதும் பந்தைத் தானே எடுத்து நடத்தினார், 28.6 சராசரியோடு நாட்டிலேயே முதலிடம். பந்தோடும் தெரியும், பந்து இல்லாமலும் தெரியும். ஜிம்மருக்குக் கல்லூரி அந்த இரண்டாவது பாடத்தைச் சொல்லித் தரவே இல்லை.

ஆனால் யாராவது என்னிடம் ஒரே ஓர் ஆட்டத்தைக் காட்டி ஒரு கார்டைக் கணிக்கச் சொன்னால், நான் கேட்பது 2008 நவம்பர் 25 அன்று டேவிட்சனும் மேரிலாந்தின் லயோலாவும் ஆடிய ஆட்டம். லயோலா கோச் ஒரு முடிவோடு வந்திருந்தார். கரி எங்கே போனாலும் இரண்டு பேர். பந்து யார் கையில் இருந்தாலும் சரி, கரியோடு இரண்டு பேர், ஆட்டம் முழுக்க.

முதல் சில நிமிஷம் கரி ஓடிப் பார்த்தார். இரண்டு பேரும் கூடவே ஓடினார்கள். பிறகு அவர் ஒன்று செய்தார். மூலைக்கு நடந்து போய் நின்றுகொண்டார். இரண்டு பேரும் அவரோடு மூலைக்கு வந்து நின்றார்கள். மிச்சக் களத்தில் டேவிட்சன் நாலு பேர், லயோலா மூன்று பேர். பந்து சுற்றி வந்து சும்மா நிற்கும் ஒருவன் கைக்குப் போகிறது, உள்ளே விழுகிறது. மறுபடி அதே. இருபது வயதுப் பையன், நாட்டிலேயே அதிகம் அடிக்கும் ஆள், பக்கவாட்டுக் கோட்டுக்கு ஒட்டி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தன் கூட்டாளிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் நிற்பதால்தான் அவர்களுக்கு அந்த இடைவெளி. அந்த இரவு முழுக்க அவர் போட்டுப் பார்த்தது மூன்றே ஷாட்.

டேவிட்சன் 78, லயோலா 48. ஸ்டீஃபன் கரி 0.